வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறது, பிறகு பாரிசில் 12 விழுக்காடு ஏன்?

நூலிழை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகு சாமான் அனுப்புவது பற்றி ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள். சரியாகத் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நிலவரம் இதுதான். லண்டனில் ஒரு சிறிய துணிக்கடை. சரக்கு திருப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிறது. இங்கே முறைப்படி இறக்குமதி செய்து கிடங்கில் வைத்தது. அதில் ஒரு பகுதி பாரிஸ் லா ஷப்பலில் ஒரு கடைக்குப் போகிறது. வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் சில வாடிக்கையாளர்கள்.

1. ஒன்றியத்தோடு பூச்சிய வரி ஒப்பந்தம் என்று சொல்லித்தானே 2021ஐத் தொடங்கினார்கள்? பாரிசில் தைத்த உடுப்புக்கு 12 விழுக்காடு சுங்கம் கேட்கிறார்கள். கூரியர்காரரின் பிழையா?

2. பெல்ஃபாஸ்ட் உள்நாடுதானே. அதற்கும் ஏன் இத்தனை கேள்வி, பதிவு?

3. தீபாவளிக்கு அதே பெட்டியில் நெய்ப் பலகாரம், கருவாடு, கறிவேப்பிலை போடலாமா?

சுங்கவழி

கூரியர்மேல் பிழை இல்லை. 12 சரியான கணக்குத்தான். கூரியரை மாற்றினாலும் அதே தொகைதான் வரும்.

2020 டிசம்பர் 24 அன்று முடிவான வணிக ஒப்பந்தம் வரியை நீக்கியது, பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவான பொருளுக்கு மட்டும். பிரிட்டனிலிருந்து புறப்படும் எல்லாப் பொருளுக்கும் என்று அதில் எங்கும் இல்லை. இதற்குச் சுங்கத்தில் பெயர் 'மூல விதி'. திருப்பூரில் தைத்த சட்டை லண்டன் கிடங்கில் ஓராண்டு இருந்தாலும் அது இந்தியச் சட்டைதான். இங்கே இஸ்திரி போட்டீர்கள், லேபிள் ஒட்டினீர்கள், பெட்டி மாற்றினீர்கள் என்றால், இவற்றை எல்லாம் 'போதாத வேலை' என்று ஒப்பந்தமே பெயர் சொல்லி ஒதுக்கியிருக்கிறது.

2020 முடியும்வரை இது ஏன் தெரியவில்லை? அப்போது பிரிட்டன் சுங்க ஒன்றியத்துக்குள் இருந்தது. ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்தில் ஒருமுறை வரி கட்டிவிட்டால் அந்தச் சரக்கு வார்சா வரை தடையில்லாமல் போகும். எங்கே செய்தது என்று நடுவில் யாரும் கேட்க மாட்டார்கள். 2021 ஜனவரி 1 முதல் லண்டனில் கட்டிய வரி லண்டனுக்கு மட்டும். பாரிஸ் தன் வரியைத் தனியாக எடுக்கிறது. ஒரே சட்டைக்கு இரண்டு வரி.

கணக்கைப் பாருங்கள். சரக்கு 2,000 யூரோ, அனுப்பும் செலவு 100 யூரோ என்று வைத்துக்கொள்வோம். சுங்கம் 2,100க்கு 12 விழுக்காடு, அதாவது 252. பிரெஞ்சு வாட் (மதிப்புக்கூட்டு வரி) 20 விழுக்காடு, ஆனால் அது 2,000க்கு இல்லை, சுங்கமும் சேர்ந்த 2,352க்கு: 470.40. இதில் பாரிஸ் கடை வாட் பதிவு உள்ளதென்றால் 470.40ஐ எல்லையில் பணமாகக் கட்ட வேண்டியதில்லை. 2022 ஜனவரியிலிருந்து பிரான்சில் இறக்குமதி வாட்டை மாத வாட் கணக்கிலேயே எழுதிக் கழித்துக்கொள்கிறார்கள். ஆக, திரும்பி வராத செலவு 252 யூரோவும் முகவர் கூலியும். வாட் பதிவு இல்லாத தனியாள் வாங்கினால் முழு 722.40உம் அவர் தலையில்.

சரி, தப்ப வழி? முதலாவதும் சிறந்ததும்: லண்டனுக்குக் கொண்டுவந்து பிரிக்காதீர்கள். புறப்படும் இடத்திலேயே பிரியுங்கள். பாரிசுக்குப் போக வேண்டிய பங்கைத் தனி விலைப்பட்டியல், தனி கப்பல் சீட்டோடு நேரே அனுப்பச் சொல்லுங்கள். கொழும்புச் சரக்குக்கு இது இன்னும் முக்கியம். 2017 மே மாதத்திலிருந்து இலங்கைக்கு வளரும் நாடுகளுக்கு ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை மீண்டும் கிடைக்கிறது. மூல விதியை நிறைவேற்றி, ஏற்றுமதியாளர் உரிய மூல வாக்குமூலம் கொடுத்தால் உடுப்புக்குப் பூச்சிய வரி. அதே உடுப்பை லண்டனில் இறக்கிச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். நேரே போனால் 0, லண்டன் சுற்றிப் போனால் 12.

இரண்டாவது வழி, லண்டனில் சுங்கக் கிடங்கு. சரக்கை வரி கட்டாமல் அங்கே வைத்து, பாரிஸ் பங்கை டிரான்சிட் ஆவணத்தில் அப்படியே அனுப்புவது. இங்கே வரி மிச்சமாகும். ஆனால் கிடங்குக்காரர் கூலி, பிணைத்தொகை எல்லாம் உண்டு. மாதம் சில பெட்டிதான் போகிறதென்றால் கட்டாது.

தறிமேடை

இவ்வளவு சுற்ற வேண்டாமே. 150 யூரோவுக்குக் குறைவாகப் பல பொதிகளாகப் பிரித்து அனுப்பினால் சுங்கமே கிடையாது என்று கேள்வி.

சுங்கவழி

தறிமேடை, அந்த யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். ஒரே ஆர்டரைப் பிரித்து ஒரே முகவரிக்கு ஒரே வேளையில் அனுப்பினால் சுங்கம் அதை ஒரே சரக்காகத்தான் பார்க்கும். விலைப்பட்டியல் எண், அனுப்புநர், பெறுநர் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது மறைக்க வழியில்லை. மதிப்பைக் குறைத்துக் காட்டிய குற்றமாகிவிடும், அடுத்த பொதிகளும் திறக்கப்படும். தவிர, அந்தச் சலுகை இருந்த காலத்திலும் சுங்கத்துக்குத்தான் விலக்கு, வாட்டுக்கு இல்லை. 22 யூரோவரை இருந்த வாட் விலக்கை ஒன்றியம் 2021 ஜூலை 1 அன்றே எடுத்துவிட்டது. 150 யூரோச் சலுகையையும் முடிக்க முடிவாகி, 2026 ஜூலை 1 முதல் சிறு பொதியில் உள்ள ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோ என்று வைத்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

சுங்கவழி வரியைச் சொல்லிவிட்டார். நான் தாள்களைச் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டி நிற்பது பெரும்பாலும் வரியால் இல்லை, தாளால்.

முதலில் இயோரி எண், அதாவது சுங்கம் வணிகருக்குக் கொடுக்கும் அடையாள எண். உங்களுக்கு ஜிபி என்று தொடங்குவது ஒன்று, பாரிஸ் கடைக்கு எஃப்ஆர் என்று தொடங்குவது ஒன்று. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அறிவிப்பு ஏறாது. இலவசம்தான், ஆனால் லாரி கிளம்பும் நாளில் விண்ணப்பிக்காதீர்கள்.

அடுத்தது பொருட்குறியீடு. முதல் 6 இலக்கம் உலகம் முழுவதும் ஒன்று, மீதி நாட்டுக்கு நாடு மாறும். 'ஆடைகள்' என்று ஒரே வரியில் எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. பின்னலா நெசவா, ஆணா பெண்ணா குழந்தையா, பருத்தியா செயற்கை இழையா, இழை விகிதம் என்ன என்று ஒவ்வொரு வகைக்கும் தனி வரி வேண்டும். சுங்கப் பட்டியலில் பின்னல் உடுப்பு 61ஆம் அத்தியாயம், நெசவு உடுப்பு 62. துணியாகவே போனால் அத்தியாயமும் வேறு, வரியும் வேறு. பருத்தி, செயற்கை இழைத் துணிக்குப் பெரும்பாலும் 8 விழுக்காடு. தைக்காத சேலையை எந்தக் குறியீட்டில் போடுவது என்று ஐயம் வந்தால் பாரிஸ் கடைக்காரர் பிரெஞ்சுச் சுங்கத்திடம், சுங்கத்தையும் கட்டுப்படுத்தும் எழுத்துமூல வகைப்பாட்டு முடிவைக் கேட்டு வாங்கலாம். அது 3 ஆண்டு செல்லும், அதுவரை யாரும் வேறு குறியீடு சொல்ல முடியாது.

பிறகு விற்பனை நிபந்தனை. பெரிய மனவருத்தங்கள் இங்கேதான் பிறக்கின்றன. டிஏபி என்று எழுதினால் வரியும் வாட்டும் பாரிஸ்காரர் பொறுப்பு. டிடிபி என்று எழுதினால் உங்கள் பொறுப்பு. டிடிபி வாடிக்கையாளருக்கு இனிப்பாக இருக்கும், ஆனால் பிரான்சில் இறக்குமதியாளராக நீங்களே நிற்க வேண்டும். அதற்கு அங்கே நிலைகொண்ட ஒரு பிரதிநிதி உங்கள் சார்பில் பொறுப்பேற்க வேண்டும். வாட்டைக் கட்டிவிட்டு மீட்க வழியில்லாமல் நிற்பவர்கள் டிடிபி என்று யோசிக்காமல் எழுதியவர்கள். கடைக்குக் கடை வியாபாரம் என்றால் டிஏபி போதும். முன்கூட்டியே பேசி விலையில் சரிக்கட்டுங்கள்.

உங்கள் பக்கம் ஏற்றுமதிக்கு பிரிட்டன் வாட் பூச்சியம். ஆனால் சரக்கு நாட்டை விட்டுப் போனதற்கான சான்றை 3 மாதத்துக்குள் கையில் வாங்கி 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கூரியர் ரசீது மட்டும் போதாது. எந்தச் சரக்கு, எவ்வளவு, எந்தத் தேதி, யாருக்கு என்பது விலைப்பட்டியலோடு பொருந்த வேண்டும். சான்று இல்லையென்றால் பூச்சியம் 20 ஆகிவிடும்.

லாரி ஏறியபின் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சுப் பக்கத்து அறிவிப்புகளின் பார்கோடெல்லாம் ஒரு 'உறை'யாகச் சேர்ந்து, டோவரிலோ யூரோடனலிலோ வண்டி எண்ணோடு இணைக்கப்படும். கடலைக் கடக்கும்போதே அக்கரைச் சுங்கத்தின் முடிவு வந்துவிடும். பச்சை என்றால் நேரே ஓடலாம், ஆரஞ்சு என்றால் சோதனைத் தளத்துக்குத் திரும்ப வேண்டும். உங்கள் பெட்டி பத்துக் கடைகளின் பெட்டிகளோடு ஒரே லாரியில் போகிறது. பத்தில் ஒன்றின் தாள் தவறினாலும் மொத்த லாரியும் ஆரஞ்சுதான். கூட்டுச்சரக்கு ஏற்றும் நிறுவனங்கள் தாள் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருப்பது அதனால்தான்.

நூலிழை

இருவருக்கும் நன்றி. இரண்டு துணைக்கேள்வி. இந்தியத் துணியை வாங்கி லண்டனில் வெட்டித் தைத்தால் அது பிரிட்டன் உடுப்பாகாதா? அடுத்தது, பிரெக்சிட் வாக்குச்சீட்டில் இதெல்லாம் இருந்ததா? 'விலகு' என்று போட்டவர்களுக்குச் சுங்க ஒன்றியம் என்று ஒன்று இருப்பதே அப்போது சொல்லப்பட்டதா?

சுங்கவழி

தையல் கேள்விக்கு: ஆகாது. தைத்த உடுப்புக்கு ஒப்பந்தம் இரண்டு படி கேட்கிறது. நெசவும் தையலும் இரண்டும் இங்கேயோ ஒன்றியத்திலோ நடக்க வேண்டும். பின்னல் உடுப்பென்றால் பின்னலும் தையலும். திருப்பூர்த் துணியை லண்டன் ஹாரோவில் வெட்டித் தைத்தால் ஒரு படிதான் நடந்திருக்கிறது. துணியை இங்கே அச்சிட்டுப் பிறகு தைப்பதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் மதிப்புக்கு வரம்பு உண்டு. எடுத்த எடுப்பில் அதை நம்பி விலை சொல்லாதீர்கள்.

ஒரு நல்ல செய்தி: இத்தாலியில் நெய்த துணியை வாங்கி லண்டனில் தைத்தால் கணக்கில் சேரும். இரு பக்கத்து வேலையையும் ஒன்றாகக் கூட்டிக்கொள்ள ஒப்பந்தம் அனுமதிக்கிறது. அப்படிச் செய்தால் விலைப்பட்டியலில் ஒப்பந்த இணைப்பில் உள்ள மூல வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுங்கள். அதில் உங்கள் இயோரி எண்ணும் வேண்டும். ஆதாரங்களை 4 ஆண்டு வையுங்கள். வாசகம் எழுத மறந்து பாரிசில் வரி கட்டியிருந்தால், இறக்குமதியான நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் அவர் திருப்பிக் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

தலைகீழான ஒரு பொறியும் உண்டு. ஜெர்மனியில் செய்த பொருளை லண்டனுக்குக் கொண்டுவந்து, கிடங்கிலிருந்து அப்படியே டப்ளினுக்கு அனுப்பினால் அது ஒன்றியத்துப் பொருள்தானே என்று தோன்றும். வரி விழும். பிரிட்டனில் அதற்கு ஒரு வேலையும் நடக்கவில்லை, ஒன்றியத்தை விட்டு வெளியே போன பொருள் பழைய உரிமையோடு திரும்ப முடியாது. 3 ஆண்டுக்குள் மாறாத நிலையில் திரும்பினால் 'திரும்பிய சரக்கு' விலக்கு கேட்கலாம், ஆனால் வாட் விலக்கும் வேண்டுமென்றால் முதலில் அனுப்பியவரே திரும்பப் பெறுபவராகவும் இருக்க வேண்டும்.

வாக்குப்பெட்டி

இரண்டாம் துணைக்கேள்வி என் பக்கம். வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே பெட்டி: ஒன்றியத்தில் உறுப்பினராக நீடிப்பது, ஒன்றியத்திலிருந்து விலகுவது. சந்தை, சுங்கம், அயர்லாந்து எல்லை எதுவும் அதில் இல்லை. 2016 ஜூன் 23 அன்று 72.2 விழுக்காட்டினர் வாக்களித்தனர். விலகலுக்கு 51.9, நீடிப்புக்கு 48.1. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காடும் வடக்கு அயர்லாந்தில் 55.8 விழுக்காடும் நீடிப்புக்கே விழுந்தன.

விலகல் என்ற சொல்லுக்குள் பல வடிவங்கள் அடங்கும். நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒற்றைச் சந்தையில், அதாவது ஒரே விதிகளில் இயங்கும் ஒன்றியத்தின் பொதுச் சந்தையில், இருக்கிறது. துருக்கி ஒற்றைச் சந்தையில் இல்லை, ஆனால் தொழிற்பொருளுக்குச் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. துருக்கி வடிவத்தை எடுத்திருந்தால் நூலிழையின் 12 விழுக்காடு வந்திருக்காது. அந்த முடிவை வாக்காளர் எடுக்கவில்லை. 2017 ஜனவரி 17 அன்று பிரதமர் தெரசா மே லங்காஸ்டர் மாளிகை உரையில் ஒற்றைச் சந்தையிலும் நிற்க மாட்டோம், சுங்க ஒன்றியத்திலும் முழு உறுப்பாக இருக்க மாட்டோம் என்று அறிவித்தார். இன்று எல்லையில் கேட்கும் ஒவ்வொரு தாளின் வேரும் அங்கே இருக்கிறது. என் பார்வையில், இந்தத் தேர்வை மக்கள் முன் தனியாக வைத்து விளக்காமல் விட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை.

அதன்பின் நடந்த ஒழுங்கும் தவறு. 2017 மார்ச் 29 அன்று, ஒன்றிய உடன்படிக்கையில் விலகலைப் பற்றிச் சொல்லும் 50ஆம் பிரிவின் கீழ்க் கடிதம் கொடுத்தார்கள். கொடுத்த நொடியில் இரண்டாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும், காலத்தை நீட்டிக்கும் கயிறு ஒன்றியத்தின் மீதி 27 நாடுகளின் கையில். என்ன வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஒத்துப்போகும் முன்பே கடிகாரத்தைத் தட்டிவிட்டார்கள். விளைவு: 2019 ஜனவரி 15 அன்று விலகல் உடன்பாடு 202க்கு 432 என்று தோற்றது. மார்ச் 12இல் 242க்கு 391. மார்ச் 29இல் 286க்கு 344. போரிஸ் ஜான்சன் பிரதமராக வந்து, டிசம்பர் 12 தேர்தலில் 365 இடம் பிடித்தபின்தான் 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு விலகல் நடந்தது. வணிக ஒப்பந்தம் முடிவானது டிசம்பர் 24. அது 1,246 பக்கம். அமலான நாள் ஜனவரி 1. கடைக்காரர்களுக்குப் படிக்க ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை, அதுவும் கிறிஸ்துமஸ் வாரம்.

இதற்கு முன் விலகிய நிலப்பரப்பு கிரீன்லாந்து. 1982இல் வாக்கெடுப்பு, 1985இல் விலகல். பேச்சின் மையம் மீன் மட்டும், 50ஆம் பிரிவு என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை. அதற்கே மூன்றாண்டு பிடித்தது.

லகான்கரை

பெல்ஃபாஸ்ட் கேள்விக்கு வருகிறேன்.

வடக்கு அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. 1998 ஏப்ரல் 10 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு அங்கே சாவடி இல்லை, சாவடியை மீண்டும் வைக்க யாரும் விரும்பவில்லை. பிரிட்டன் சுங்க ஒன்றியத்தை விட்டு வந்ததும் எங்காவது ஓரிடத்தில் சோதனை வேண்டும். அதைக் கடலில் வைத்தார்கள். வடக்கு அயர்லாந்து பிரிட்டனின் சுங்கப் பரப்பில்தான் இருக்கிறது, ஆனால் பொருள்களுக்கு ஒன்றியத்தின் விதிகளைப் பின்பற்றுகிறது. லண்டன் பொதிக்கு பெல்ஃபாஸ்டில் கேள்வி வருவது இதனால்.

2023 பிப்ரவரி 27இல் பிரிட்டனும் ஒன்றியமும் அறிவித்த விண்ட்சர் ஏற்பாட்டுக்குப் பிறகு கேள்வி ஒன்றுக்குச் சுருங்கிவிட்டது: இந்தப் பொருள் குடியரசுக்குள் போய்விடும் அபாயம் இருக்கிறதா? இல்லையென்றால் பச்சை வழி, இருந்தால் சிவப்பு வழி. பொதிகளுக்கு இந்த முறை 2025 மே 1 முதல்.

நூலிழைக்கு இது எப்படிப் பொருந்தும்? வீட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்கு நீங்கள் அனுப்பினால், அதற்கான அங்கீகாரம் உள்ள கூரியர் மூலம் அனுப்பினால் போதும். பொதிக்குப் பொதி சுங்க அறிவிப்பு வேண்டாம், வரியும் இல்லை. பெல்ஃபாஸ்ட் கடைக்கு அனுப்பினால் கதை வேறு. உள்நாட்டுச் சந்தைத் திட்டத்தில் பதிவு வேண்டும், அப்போதுதான் சுருக்க அறிவிப்போடு வரியில்லாமல் போகும். பதிவு இல்லையென்றால் முழு அறிவிப்பும், உங்கள் திருப்பூர் உடுப்புக்கு ஒன்றியத்தின் அதே 12உம். பதிவுக்குக் கட்டணமில்லை. அறிவிப்பு போடத் தெரியாவிட்டால் அரசின் வணிகர் ஆதரவுச் சேவை இலவசமாகப் போட்டுத் தருகிறது. பணம் கொடுத்து முகவர் தேடும் முன் அங்கே கேளுங்கள். வாட் மட்டும் பழையபடி: பிரிட்டன் வாட், உள்நாட்டு விற்பனை போலவே விலைப்பட்டியலில்.

பச்சை வழியில் பெல்ஃபாஸ்டுக்கு வந்த சரக்கை அங்கிருந்து டப்ளினுக்கு எடுத்துப் போகலாம், சாவடிதான் இல்லையே என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். 'போகாது' என்று நீங்கள் எழுதிக் கொடுத்த சரக்கு அது. கண்டுபிடித்தால் வரியும் அபராதமும் மட்டும் இல்லை, பதிவே போகும்.

பலர் தவறவிடும் இன்னொன்று: 2024 டிசம்பர் 13 முதல் ஒன்றியத்தின் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி வடக்கு அயர்லாந்துக்கும் பொருந்தும். உடுப்பு, விளையாட்டுப் பொருள், நகை எதுவானாலும், ஒன்றியத்திலோ வடக்கு அயர்லாந்திலோ முகவரி உள்ள ஒரு பொறுப்பாளரின் பெயர் பொருளிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். இணையத்தில் விற்றால் அந்தப் பக்கத்திலும் காட்ட வேண்டும். பாரிசுக்கும் இதே விதி. லண்டனில் உள்ள சிறு விற்பனையாளர்கள் சிலர் பெல்ஃபாஸ்டுக்கு அனுப்புவதையே நிறுத்தியது இந்த ஒரு வரியால்தான். உங்களுக்கு வழி எளிது: லா ஷப்பல் கடையே இறக்குமதியாளர், அவர் பெயரையும் முகவரியையும் லேபிளில் அச்சிட்டால் பாரிஸ் பங்குக்குக் கணக்கு முடிந்தது.

கறிமசால்

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக: உடுப்பும் சாப்பாடும் ஒரே பெட்டியில் வேண்டாம். சாப்பாட்டால் பெட்டி நின்றால் உடுப்பும் நிற்கும்.

கருவாடு விலங்குப் பொருள். விற்பனைக்குப் போனால் அங்கீகரிக்கப்பட்ட ஆலையிலிருந்து வந்திருக்க வேண்டும், ஏற்றுமதிச் சுகாதாரச் சான்று வேண்டும், அதில் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட வேண்டும், எல்லைச் சோதனைத் தளத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். சில கிலோவுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனால் பயணி ஒருவர் சொந்தச் சாப்பாட்டுக்குப் பையில் கொண்டுபோனால் மீனுக்கு 20 கிலோவரை ஒன்றியம் அனுமதிக்கிறது. இறைச்சியும் பாலும்தான் பையில் ஒரு துண்டும் கூடாது. 2021 தொடக்கத்தில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர்களின் இறைச்சி சாண்ட்விச்சைச் சுங்கம் எடுத்துக்கொண்டது இந்த விதியில்தான்.

பலகாரத்தைத் தனித்தனியாகப் பிரியுங்கள். எண்ணெயில் சுட்ட முறுக்கு, மிக்சர் என்றால் விலங்குப் பொருள் இல்லை, கவலை இல்லை. நெய் சேர்த்ததும் அது 'கூட்டுப்பொருள்' ஆகிவிடும். அறை வெப்பத்தில் கெடாத வகையென்றால், விற்பனைக்குப் பாரிஸ் இறக்குமதியாளர் கையெழுத்திட்ட உறுதிமொழித் தாள் வேண்டும். அந்த நெய்யும் ஒன்றியம் ஏற்ற நாட்டில், ஏற்ற ஆலையில் செய்ததாக இருக்க வேண்டும். எந்த நெய் என்று பலகாரக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்காமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். பால்கோவா, பனீர் வகை அப்படியே பாற்பொருள். அதை விட்டுவிடுங்கள்.

கறிவேப்பிலைக்குப் பயணி பையிலும் சலுகை இல்லை. தாவர நலச் சான்று இல்லாமல் ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக்கூடியவை ஐந்து பழங்கள்: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை. கறிவேப்பிலையில் குடியிருக்கும் ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும். ஸ்பெயினும் இத்தாலியும் அந்தத் தோட்டங்களை நம்பியவை, எனவே கறாராக இருப்பார்கள்.

திரும்பி வரும்போதும் கவனம். 2025 ஏப்ரல் 12 முதல் ஒன்றியத்திலிருந்து மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பாற்பொருளையும் பயணிகள் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை. கோமாரி நோய் காரணம். பாரிசில் வாங்கிய சீஸும் இதில் அடக்கம்.

2025 மே 19 லண்டன் உச்சி மாநாட்டில் உணவு, தாவரச் சான்றுகளை நீக்கும் உடன்பாட்டுக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அது கையெழுத்தாகி அமலாகும்வரை மேலே சொன்னதுதான் நடைமுறை. வந்தாலும் உடுப்பின் 12 விழுக்காட்டை அது தொடாது, ஏனென்றால் அது சுகாதாரச் சான்று பற்றியது, மூல விதி பற்றியது இல்லை.

நூலிழை

தெளிவாகிவிட்டது. கொழும்பு ஏற்றுமதியாளரிடம் பாரிஸ் பங்கைத் தனியாக ஏற்றச் சொல்கிறேன். கடைசியாக ஒன்று: அடுத்த மாதம் பாரிசில் கண்காட்சி. மாதிரிக்கு 40 உடுப்பு சூட்கேசில் கொண்டுபோய் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவரலாமா? பயணிக்கு 430 யூரோவரை வரியில்லை என்கிறார்களே?

கணக்குப்பிள்ளை

அந்த 430 வான்வழிக்கும் கடல்வழிக்கும், தரைவழிக்கு 300. இரண்டும் சொந்தப் பாவனைக்கு மட்டும். 40 உடுப்பு, ஒவ்வொரு அளவிலும் இரண்டிரண்டாக, விலைச்சீட்டோடு இருந்தால் அது வியாபாரச் சரக்கு. 'அறிவிக்க ஒன்றுமில்லை' என்ற பச்சை வாசலில் நடந்தால் பறிமுதல்வரை போகும்.

காட்டிவிட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவருவதென்றால் வணிகர் சங்கத்தில் ஏடிஏ கார்னே எடுங்கள், அதாவது சரக்கை வரியில்லாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் ஆவணம். ஓராண்டு செல்லும். கட்டணம் தவிர ஒரு பிணைத்தொகையும் கேட்பார்கள். ஒவ்வொரு உடுப்பும் பட்டியலில் இருக்க வேண்டும். புறப்படும்போது பிரிட்டன் முத்திரை, பிரான்சில் நுழையும்போது, வெளியேறும்போது, மறுபடி இங்கே இறங்கும்போது என்று நான்கு முத்திரை. யூரோஸ்டாரில் போகிறவர்கள் முத்திரை வாங்கும் மேசையைத் தேடாமல் நேரே ரயில் ஏறிவிடுவதுதான் வழக்கமான தவறு. எந்த மேசை, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முந்தைய நாளே கேட்டுவையுங்கள். ஒரு முத்திரை தவறினாலும் சரக்கு அங்கேயே விற்றுவிட்டதாகக் கொண்டு பிணையிலிருந்து வரியை எடுப்பார்கள்.

அங்கே விற்கும் எண்ணம் ஒரு உடுப்புக்கு இருந்தாலும் அதைக் கார்னேயில் எழுதாதீர்கள். விற்கப் போவதைத் தனி விலைப்பட்டியலில் எழுதி, முன்கூட்டி அறிவித்து, வரி கட்டிக் கொண்டுபோங்கள். பாஸ்போர்ட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள்: பிரிட்டன் பாஸ்போர்ட் என்றால் நுழையும் நாளில் கொடுத்த தேதியிலிருந்து 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.